காணாமல் போன வவ்வால்தலை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே காலுக்கு, இமோஜீன் டாக்கெட் தன் ரொட்டியின் மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது, யாரோ கதவை உடைப்பதுபோல் தட்டினார்கள். இமோஜீன் நிதானமாக ஊற்றி முடித்தார். எழுந்து ஓடியவர் அவருடைய கொழுந்தன் வர்ஜில்.

வர்ஜில் முப்பத்தொரு வருஷம் நாஷ்வில் தெருக்களில் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அந்தச் செய்தி கால்களுக்குப் போய்ச் சேரவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும். அண்ணன் இறந்தபின் அண்ணி வீட்டு மாடியில் குடியேறி, அண்ணியின் வழக்குகளில் எல்லாம் யாரும் கேட்காத உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். இமோஜீன், இசைக்கருவிகளுக்குக் காப்பீடு கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் திருட்டுகளை விசாரித்தவர். களவுபோன மாண்டலின் ஒன்றை, அது அழுகிற சத்தத்தைக் கேட்டே மூன்று தெரு தாண்டிப் பிடித்தார் என்று வர்ஜில் சொல்வார். இரண்டு தெருதான் என்று இமோஜீன் திருத்துவார்.

வாசலில் நின்றவள் கோரா ஹென்ஸ்லி. காலட்டின் சாலையில் தன் கையாலேயே கிட்டார் செய்து விற்கிறவள். தலையில் ஆலங்கட்டி, கையில் கையுறை ஒன்றுதான்.

"இமோஜீன் அக்கா, வவ்வால்தலை போச்சு!"

"உக்காரு. சாப்பிட்டியா?"

"நேத்து மத்தியானம் போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க."

யார் வருகிறார்கள் என்று வர்ஜில் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். ராஸ்மூர் என்ற பெரிய கிட்டார் கம்பெனி, தன் கிட்டார்களின் தலை, அதாவது கழுத்து நுனியில் தந்தி முறுக்கும் ஆணிகள் இருக்கும் பகுதி, இரண்டு சிறகு விரித்த வவ்வால்போல் இருக்கும் என்றும், அந்த வடிவம் தனக்கே சொந்தம் என்றும் சட்டப்படி பதிவு செய்திருந்தது. கோராவின் கிட்டார்களுக்கும் அதே மாதிரித் தலை. போட்டார்கள் வழக்கு. கோராவிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. ராஸ்மூர் கம்பெனி பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே, கென்டக்கி மலையில் ஒரு தச்சன் செய்த சின்ன கிட்டார், அதற்கும் வவ்வால்தலை, அதுவே அதன் பெயரும். திங்கள்கிழமை கம்பெனியின் நிபுணர் வந்து, இரண்டு வக்கீல்கள் முன்னால் அதைச் சோதிப்பதாக ஏற்பாடு.

"போட்டோ இருக்குல்ல?" என்றார் வர்ஜில்.

"செல்லாதாம். பொருள் கண்ணு முன்னாடி இருக்கணுமாம். எங்க வக்கீல் நேத்து ராத்திரிதான் சொன்னார். இல்லேன்னா தோத்தோம். கடைல நாப்பத்திமூணு கிட்டார் இருக்கு, அக்கா. நாப்பத்திமூணு தலையையும் என் கையாலயே அறுக்கணும். அறுத்துட்டுக் கடையப் பூட்டணும்."

"போலீஸ்ல சொன்னியா?"

"இந்த ஊர்ல கிட்டார் காணோம்னா வரிசைல நிக்கச் சொல்றாங்க. எனக்கு முன்னாடி பதினாலு பேர்."

இமோஜீன் ரொட்டித் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "சனிக்கிழமை சபைல யார் யாரு?"

கோராவின் கடையில் சனிக்கிழமை காலை கூடும் சபைக்கு நிரந்தர உறுப்பினர்கள் மூவர். டெல்பர்ட் கோம்ப்ஸ், பதினோரு ராஸ்மூர் கிட்டார் வைத்திருக்கிறவர். அந்தக் கம்பெனியைக் குறை சொன்னால் தன் தாயைச் சொன்னதுபோல் எழுந்து நிற்பார். லூதர் ஸ்பிவி, பழைய கிட்டார்களை வாங்கிப் பழுதுபார்ப்பவர். ராஸ்மூர் என்ற பெயரைக் கேட்டாலே சிரிப்பார். கடை திறந்த அன்று வவ்வால்தலையைக் கோராவுக்குப் பரிசாகக் கொடுத்தவர் அவர்தான். "பொறந்த மேனிக்கு இருக்கு, ஒரு ஆணிகூட மாத்தல" என்று சொல்லிக் கொடுத்தார். மூன்றாமவர் பெட்ரி, பல் டாக்டர். முப்பது விலையுயர்ந்த கிட்டார் வாங்கியவர். ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. வவ்வால்தலையை விலைக்குக் கேட்டு ஏழு தடவை மறுக்கப்பட்டவர்.

"நேத்து என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

கோரா சொன்னாள். நிபுணர் ஊதா விளக்கு கொண்டுவரப்போவதாக வக்கீல் வெள்ளிக்கிழமை சொன்னார். இருட்டில் அந்த விளக்கைக் காட்டினால் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் பூசியது கறுத்து நிற்கும். நாமும் பார்த்துவிடலாமே என்று அவளும் ஒன்று வாங்கினாள். சபை குதூகலித்தது. திரையை இழுத்துவிட்டு, முதலில் டெல்பர்ட்டின் பெருமைக்குரிய பழைய ராஸ்மூரை வைத்தார்கள். அடுப்புக்கரி மாதிரி முழுக்கக் கறுப்பு. யாரோ மொத்தமாகச் சுரண்டிப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

"டெல்பர்ட் மூஞ்சியப் பாக்கணுமே!" என்று வர்ஜில் தொடையில் தட்டினார்.

"பாக்க நேரமில்ல. அடுத்து வவ்வால்தலைய இறக்கலாம்னேன். பசிக்குது, கோழி சாப்பிடப் போலாம்னு கெளப்பிட்டாங்க."

"யாரு கெளப்பினது?"

"லூதர் அண்ணே."

இமோஜீன் காபியை ஒரு மிடறு குடித்தார். "அப்புறம்?"

"முனைக் கடைல காரக்கோழிக்கு முக்கா மணி நேரம் வரிசை. டெல்பர்ட் அண்ணே மனசு ஒடிஞ்சு கார்ல போய் உக்காந்துட்டார். டாக்டர் போன் பேச வெளிய போனார். லூதர் அண்ணே கோட்டு எடுக்க அவர் லாரிக்குப் போனார். மூணு பேருமே பத்துப் பதினஞ்சு நிமிஷம் கண்ணுல படல. திரும்பி வந்து பாத்தா செவுத்துக் கொக்கி காலி. பின்கதவு சாத்தாதுன்னு சபைக்கே தெரியும், தோளால இடிச்சா தொறந்துக்கும்."

பதினொரு மணிக்கு இமோஜீன், வர்ஜில், கோரா மூவரும் கடையில் இருந்தார்கள். ஆலங்கட்டி தகரக்கூரையில் பட்டாணி வறுத்தது. கோராவின் மேஜைமேல் ஓர் அறுவை ரம்பம் எண்ணெய் பூசித் தயாராகக் கிடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து வர்ஜிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையின் நீளம் இருபத்தாறு அடி. அதை அவர் நாற்பது தடவை அளந்தார்.

"அண்ணி! பாருங்க!" தரையிலிருந்து தந்தி மீட்டும் பிக் ஒன்றை எடுத்தார். ராஸ்மூர் முத்திரை. "டெல்பர்ட்டோடது!"

"கிட்டார் கடைத் தரைல பிக் கெடக்கறது சமையக்கட்டுல கடுகு கெடக்கற மாதிரி. வெச்சுரு."

இமோஜீன் வேறு இரண்டு விஷயங்களைப் பார்த்தார். ஜன்னலோரம் ஒரு கண்ணாடி ஜாடி, மூடி பக்கத்தில் கிடந்தது. உள்ளே சின்னச் சின்ன ஈரப் பொட்டலங்கள். குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்காற்று வறண்டுபோய் மரத்தைப் பிளக்கும். கிட்டாரோடு பெட்டிக்குள் ஒரு பொட்டலம் போட்டால் பிளக்காது. வெள்ளிக்கிழமைதான் எண்ணிப் பன்னிரண்டு போட்டதாகக் கோரா சொன்னாள். இப்போது பதினொன்று.

மேஜைக்கடியில் ஏழு காலிக் கிட்டார்ப் பெட்டிகளுக்கு இடம். ஆறுதான் இருந்தன. ஆறின்மேலும் மாதக்கணக்கான மரத்தூள், ஒரு விரல்தடம் இல்லை. ஏழாவது இருந்த இடம் மட்டும் சுத்தமான செவ்வகம்.

"வவ்வால்தலைக்குச் சொந்தப் பெட்டி உண்டா?"

"கெடையாது. வந்த நாள்லேர்ந்து செவுத்துலதான். இடுப்பு குறுகலா இருக்கும், எதுலயும் சரியா அடங்காது. அந்த ஏழாவது பெட்டி மட்டும் அடங்கியிருக்கும்போல. நான்கூட வெச்சுப் பாத்ததில்ல."

"சரி. சபை மூணு பேரையும் கூப்பிடு."

நாலு மணிக்குச் சபை கூடியது. கூடியதும் வழக்கமான சண்டை தொடங்கியது. இழவு வீட்டில்கூட இவர்கள் அதைத்தான் பேசுவார்கள்.

"உழைச்சு ஒரு வடிவத்த உண்டாக்கினவன் அதக் காப்பாத்திக்கக் கூடாதா?" என்றார் டெல்பர்ட்.

"அந்தக் கம்பெனில கிட்டார் செய்யறவன விட வக்கீலுங்க ஜாஸ்தி" என்றார் லூதர். "அந்த வக்கீல் சம்பளத்துல பாதிய நல்ல மரத்துக்குக் குடுத்தா கழுத்தாவது நிக்கும். எங்க சர்ச்சுல ஒருத்தன் சத்தமா ஆமென் சொன்னான், நாலு வரிசை தள்ளி ஒரு ராஸ்மூர் தலை முறிஞ்சு விழுந்துச்சு. சத்தியமா. பாஸ்டரே எடுத்துக் குடுத்தார்."

"பொய் பேசாதேய்யா!"

"முறிஞ்சத ஒட்டி, புதுசுன்னு விக்கறவன் தலைல இடி விழணும்."

பல் டாக்டர் சண்டையில் சேரவில்லை. கோரா கொடுத்த காபியில் இனிப்புப் போதவில்லை போலும். ஜன்னலோர ஜாடியில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக் கிழிக்கப் பார்த்தார்.

"டாக்டர், அது சக்கரை இல்ல" என்றார் இமோஜீன்.

"அப்படியா? பின்ன என்னது?"

இமோஜீன் ஸ்டூலில் உட்கார்ந்தார். வர்ஜில் நடப்பதை நிறுத்தினார். அண்ணி உட்கார்ந்தால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"எடுத்தவர் கிட்டார மட்டும் எடுக்கல. ஒரு ஈரப் பொட்டலத்தையும் எடுத்துப் பெட்டிக்குள்ள போட்டிருக்கார். திருடற அவசரத்துலயும் கை தன்னால ஜாடிக்குப் போயிருக்கு. டெல்பர்ட், உங்களுக்கு அந்தக் கிட்டார் எதிரி. எதிரிக்கு யாராச்சும் தண்ணி குடுப்பாங்களா?"

"நான் விறகாக்கியிருப்பேன்" என்றார் டெல்பர்ட், நேர்மையாக.

"டாக்டருக்கு அது வேணும். ஆனா பொட்டலம்னா என்னன்னே தெரியாது. போன குளிர்ல உங்க கிட்டார் எத்தன பிளந்துச்சு, டாக்டர்?"

"ஒன்பது" என்றார் பல் டாக்டர் வருத்தத்துடன். "ஏன்னுதான் தெரியல."

"ஏழு பெட்டில ஆறத் தொடவே இல்ல. எதுல அடங்கும்னு கடைக்காரிக்கே தெரியாது. எடுத்தவர் கைக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த இடுப்ப வருஷக்கணக்கா கட்டிப்பிடிச்ச கை."

எல்லோரும் லூதரைப் பார்த்தார்கள். லூதர் சிரித்தார். "நானா? ராஸ்மூர ஜெயிக்க வைக்கவா? ஏம்மா, கிறுக்கா ஒனக்கு?"

"அதான் எனக்கும் இடிச்சுது. அப்புறம் கோழி ஞாபகம் வந்துச்சு. லூதர், டெல்பர்ட்டோட மானம் போற நாளுக்கு இருபது வருஷமா காத்துக்கிட்டு இருந்தீங்க. நேத்து அது விளக்கு வெளிச்சத்துல மேஜை மேலயே கெடந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லல. பசிக்குதுன்னீங்க. அடுத்து அந்த விளக்குக்குக் கீழ வர இருந்தது எது?"

லூதரின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"தலை பழசில்ல" என்றார் கடைசியில். "எழுபத்தொம்பதுல, லாரிக்குப் பின்னாடி சாய்ச்சு வெச்சத மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்துட்டேன். தலை சேர்ற எடம் சிம்பு சிம்பாப் போச்சு. ஒட்டினா நிக்காது. அதே அச்சுல புதுத் தலை செதுக்கி இணைச்சேன். யாருக்கும் தெரியல. அப்புறம் சொல்ல வாய் வரல. நாப்பது வருஷமா அடுத்தவன் ஒட்டுவேலையச் சிரிச்சவன், கோரா. போட்டோ போதும்னு நெனச்சேன். அந்த விளக்கு பட்டா என் பேரோட உன் கேஸும் போயிரும்னு…"

கோரா நாற்காலியில் சரிந்தாள். "இப்பவும் போச்சே, அண்ணே. புதுத் தலைய வெச்சு நான் என்னத்த நிரூபிக்க? என்னையே மோசடிக்காரிம்பாங்க." அவள் கை ரம்பத்தின் பிடியைத் தொட்டது.

வர்ஜிலின் முழங்கால் ரயில் வேகத்தில் ஆடியது. "அண்ணி, எதாச்சும் சொல்லுங்களேன்!"

"லூதர்" என்றார் இமோஜீன், நேரம் கேட்பதுபோல். "நீங்க பழைய கிட்டார் ஆளு. தேஞ்ச ஆணியக் கழட்டினாலும் பொட்டலம் கட்டிக் கிட்டாரோடயே வெப்பீங்க. அசல் மரம் ஒரு சிராய்னாலும் குப்பைல போட உங்க ஜாதிக்குக் கை வராது. அந்தப் பழைய தலை எங்க?"

"காபி டப்பால" என்றார் லூதர். "என் பட்டறைப் பரண் மேல. கிட்டாரும் அங்கதான் இருக்கு."

கோரா எழுவதற்கு முன் வர்ஜில் பின்கதவைத் தோளால் இடித்துத் தெருவுக்கே போய்விட்டார்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு நிபுணர் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டார். கழுத்து பச்சையாக ஒளிர்ந்தது. லூதரின் தலை கறுத்து நின்றது. கம்பெனி வக்கீல் முகம் மலர்ந்தது. அப்போது கோரா காபி டப்பாவைத் திறந்தாள். டயர் ஏறி நசுங்கிய தந்தி ஆணிகளோடு, இரண்டு சிறகும் முழுசாக, மலைத்தச்சனின் வவ்வால்தலை பச்சை ஆப்பிள்போல் ஒளிர்ந்தது. நிபுணர் அதைக் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தார். இரண்டும் ஒரே மரம், ரேகைக்கு ரேகை தொடர்கிறது என்றார். யாரும் தொடாமல் நாற்பது வருஷத்துக்கு மேல் டப்பாவில் கிடந்த தலையைவிட நல்ல சாட்சி தான் கண்டதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி வக்கீல் பையை மூடி, கம்பெனியிடம் பேசி வழக்கைத் திரும்பப் பெறுவது பற்றி யோசிக்க வேண்டும் என்றார்.

ஆனால் முறிந்தது எப்படி என்று வாக்குமூலம் வேண்டும். லூதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சபை முன்னிலையில், தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். லாரியின் மாடலைக்கூட எழுதிக்கொண்டார்கள்.

டெல்பர்ட் இதற்காகவே சலவை செய்த சட்டையில் வந்திருந்தார். இருபது வருஷத்துப் பாக்கியைத் தீர்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது. அவர் மெல்ல எழுந்து லூதரின் பக்கத்தில் போய் நின்றார்.

"ராஸ்மூர் கழுத்து ஆமென் சொன்னாலே முறியும்னே" என்றார். "இதுக்கு ஒரு லாரியே வேண்டியிருந்துச்சு." மேஜைமேலிருந்த வவ்வால்தலையைப் பார்த்தார். "நல்ல கிட்டார்தான்யா."

கோரா ரம்பத்தை எடுத்துச் சுவரில் அதன் ஆணியில் மாட்டினாள். பசிக்குது, கோழி சாப்பிடப் போலாம் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சட்டென்று திரும்பி லூதரைப் பார்த்தார்கள்.

"நான் இல்லப்பா" என்றார் லூதர்.

சொன்னவர் வர்ஜில். அவர் உட்கார்ந்துதான் இருந்தார்; முழங்கால் ஆடவில்லை.