பிரசாந்தின் பெட்டியில் இல்லாதது

முதல் பஸ்ஸில் ஒரு உரச்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் வந்து இறங்கினார் பூண்டி மலைக்கிராமத்து வேலுமணி. கலைமணி அப்போதுதான் தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்திருந்தாள். சவாரி கிடைக்கும்வரை ஜீப் டிரைவர் பிச்சையாவுக்கு அந்தக் கடை பெஞ்சுதான் இருப்பிடம். களவுபோன மானிட்டர் ஒன்றைக் கலைமணி கண்டுபிடித்துக் கொடுத்த நாளிலிருந்து, தானும் பாதி போலீஸ் என்பது அவர் நினைப்பு.

சாக்குக்குள் பழுப்பேறிய பழைய கம்ப்யூட்டர் பெட்டி. ஏதோ பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட சாமான்.

"எம் மவன் பிரசாந்தோடதும்மா" என்றார் வேலுமணி. "ஐப்பசியில கேரட் லோடு லாரி கவுந்துச்சுல்ல, அதுல போயிட்டான். ரேடியோவுல பேசணும்னு அவனுக்கு ஆசை. மைக்கை மாட்டிக்கிட்டு இதுல பேசிப் பேசிப் பதிஞ்சு வைப்பான். 'நீ பேசுனா தோட்டத்துல களை போயிருமாலே'ன்னு வஞ்சேன். இப்ப ஒரே ஒரு தடவை அந்தக் கொரலைக் கேக்கணும். சுவிட்சைப் போட்டா அது கெணறாட்டம் கெடக்கு. வீட்டுக்காரிக்குத் தெரியாமத் தூக்கியாந்தேன்."

கலைமணி மூடியைக் கழற்றிப் பார்த்தாள்.

"ஐயா, இதுல ஹார்டு டிஸ்க் இல்ல. உங்க மகன் பேசுனதெல்லாம் அதுலதான் இருக்கும். யாரோ கழட்டி எடுத்திருக்காங்க."

வேலுமணி எழுந்துவிட்டார். "மதன்! அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் பயதான். எம் மவனோட சேக்காளி. முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்தவன் இந்தப் பெட்டியைத் தெறந்து வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரிகிட்ட என்னமோ காட்டிக்கிட்டு இருந்தான். அவன் கையை முறிக்கிறேன்."

"சோலி முடிஞ்சது தங்கச்சி!" பிச்சையா சாவியை எடுத்துவிட்டார். "ஆளைத் தூக்கிருவோமா?"

"பொறுங்கண்ணே. முதல்ல இதைப் பாருங்க."

பிச்சையா குனிந்து பார்த்தார். டிஸ்க்கைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலை கத்தி முனையால் கடித்ததுபோலச் சிதைந்திருந்தது. டிஸ்க் இருந்த இடத்தில் பூண்டுச் சருகு ஒன்று. டிஸ்க்கில் மாட்டியிருந்த ஒயர்களைச் சேர்த்துச் சுருட்டி, நாரால் முடிச்சுப் போட்டு ஓரமாக ஒதுக்கியிருந்தது. விலைபோகக்கூடிய மெமரி சிப்பான ராம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பூண்டியில எவன் வீட்டுல பூண்டுச் சருகு இல்ல?" என்றார் பிச்சையா.

கலைமணி சிரிக்கவில்லை. மதன் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன் போட்டு, மற்றவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் பையன் அழுதுவிட்டான்.

"நான் எடுக்கலக்கா. அம்மாகிட்ட டிஸ்க்கைத் தொட்டுக் காட்டுனேன், அவ்வளவுதான். அவன் கொரல் பூராவும் இதுக்குள்ளதான் இருக்கு, இந்த ஊர் மஞ்சு மூட்டத்துல ஈரம் ஏறுனா கெட்டுப்போகும், பத்திரமாப் பாத்துக்கோங்கன்னேன். சீடியில போட்டுத் தாரேன்னும் சொன்னேன். வேலையில போகத்தான் முடியல."

"பொய் சொல்றான்" என்றார் வேலுமணி.

"ஐயா, இந்தப் பெட்டி வேண்டாம்னு வீட்டுல யாராவது சொன்னாங்களா?"

அவர் தலை தாழ்ந்தது. "நான்தான் சொன்னேன். கார்த்திகையில. பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுச்சு. இரும்புக்காரன் வந்தாத் தூக்கிப் போடுன்னு கத்துனேன்."

கலைமணி உடனே கடையைப் பூட்டினாள். "பூண்டிக்கு விடுங்கண்ணே. வெரசா."

வழியெல்லாம் பிச்சையா துருவித் துருவிக் கேட்டார். அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "நான் நெனைக்கிறது தப்பா இருக்கணும்."

வேலுமணியின் மனைவி இருளாயி வாசலில் உட்கார்ந்து பூண்டுத் தண்டை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தியின் முனை மழுங்கி வளைந்திருந்தது. ஜீப்பிலிருந்து பெட்டி இறங்குவதைக் கண்டதும் அவள் பார்வை பெட்டியில் நிற்கவில்லை. வீட்டுக்குள், அடுப்படிக் கூரைக்குப் போய்த் திரும்பியது.

"அக்கா, விதைப்பூண்டை எங்க கட்டுவீங்க?" என்று கேட்டாள் கலைமணி.

"அடுப்புக்கு மேலதான். புகை ஏறுனாத்தானே கெடாம இருக்கும்?"

கலைமணி வேலுமணியின் பக்கம் திரும்பினாள். "திருடனா இருந்தா ராமை விட்டுட்டுப் போக மாட்டான் ஐயா. மதனா இருந்தா ஸ்க்ரூ டிரைவரால கழட்டியிருப்பான். இது கத்தி மொனை. எல்லாத்துக்கும் மேல அந்த முடிச்சு. களவாங்குறவன் ஒயரைப் பிச்சுப் போட்டுட்டுப் போவான். திரும்ப மாட்டணும்னு நெனைக்கிறவங்கதான் பூண்டுக் கட்டு மாதிரி நாரால கட்டி வைப்பாங்க. நீங்க இரும்புக்குப் போடுன்னீங்க. அந்தத் தம்பி ஈரம் ஆகாதுன்னுச்சு. அக்கா ரெண்டையும் கேட்டுருக்காங்க."

இருளாயிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான்மா எடுத்தேன். இவரு கோவத்துல பிள்ளை கொரலை எடைக்குப் போட்டுருவாருல்ல?"

முக்காலியில் ஏறி, பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே தொங்கிய ஒரு துணி மூட்டையை அவிழ்த்தாள். பிரசாந்தின் சட்டை. அதற்குள் கரியேறிப் போன டிஸ்க். அதன் பக்கவாட்டில் வெள்ளித் தாள் ஒட்டியிருந்த இடத்தில் இப்போது ஓட்டை தெரிந்தது.

"அந்தத் தாளை நான்தான் உரிச்சேன். புகை உள்ள போகணும்ல" என்றாள். "நாலு மாசம். ஒரு பொட்டு ஈரம் இருக்காது. இருங்க, டீத்தண்ணிக்குத் தண்ணி எடுத்தாரேன்." குடத்தோடு வெளியே போனாள்.

கலைமணி டிஸ்க்கை வாங்கினாள். ஓட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு தூசி போனாலே தாங்காது ஐயா" என்று மெதுவாகச் சொன்னாள். "இதுக்குள்ள பூராவும் கரி. நாலு மாசச் சூடு வேற. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

வேலுமணி அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் கறுப்பாக வந்தது.

"நான் அந்த வார்த்தை சொல்லாம இருந்திருந்தா, இது பெட்டியிலேயே கெடந்திருக்கும்ல?"

திருடன் ஒருத்தன் இருந்திருக்கக் கூடாதா என்று பிச்சையாவுக்குத் தோன்றியது. அடிக்கவாவது ஆள் இருந்திருக்கும்.

இருளாயி குடத்தை இறக்கி வைத்தாள். "பெட்டியில மாட்டலையா? எப்பம்மா பேசுவான்?"

கலைமணி வாயெடுப்பதற்குள் வேலுமணி முக்காலியில் ஏறிவிட்டார். டிஸ்க்கைச் சட்டையில் சுற்றி, பழைய இடத்திலேயே நாரால் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்காம் புள்ள" என்றார் கூரையைப் பார்த்தபடியே. "காயட்டும்."

"அப்படியா?" என்ற இருளாயி, அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளி ஊதினாள்.