எழுபதாவது வயதுக் கண்

செம்மைப்பொறி மூன்றாவது முறையாகத் தொலைநோக்கி ஆடியைத் தேய்க்கக் கையை நீட்டியது. பூங்கோதை குறுக்கே போய் நின்றாள்.

"நகருங்க அம்மணி. விளிம்புல ஒரு மேடு இருக்குதுங்க."

"அதை வச்சதே நான்தான். தொடாத!"

கோவையில் அந்தப் பொறி கைவைக்காத பொருளே இல்லை. சட்டையின் அளவு, சாம்பாரின் உப்பு, எதில் பிழை என்றாலும் அதுவே திருத்திவிடும். ஒரே மூளை, ஆயிரம் கைகள். வினை வந்தது பூங்கோதைக்குத்தான். பதினோரு வருடமாக அவள் வடிவமைத்த உலோக ஆடி, விண்மீன்களின் வெப்பத்தைப் படம்பிடிக்கும் விண்வெளித் தொலைநோக்கிக்கானது. ஆடி சூடாக இருந்தால் அதன் வெப்பமே படத்தை மறைத்துவிடும். ஆகவே பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று முப்பது டிகிரியில் அதை வைப்பார்கள். அந்தக் குளிரில் உலோகம் கோணல்மாணலாகச் சுருங்கும். எப்படிக் கோணுமோ அதற்கு நேர்மாறாக இங்கேயே கோணலாக்கி அனுப்ப வேண்டும்.

அந்தக் கோணலைப் பொறி இரண்டு முறை நிமிர்த்திவிட்டது. இன்னொரு முறை தேய்த்தால் ஆடி குப்பைக்குத்தான் போகும்.

பட்டறைத் தலைவர் மாரப்பன் கையை விரித்தார். "இதை நிறுத்துனா ஊரே நின்னுபோயிருமுங்க. நீங்களே சொல்லிப் புரிய வைங்க."

பதற்றத்தில் அவள் குளிரைப் பற்றிச் சொல்லவே மறந்துபோனாள். "கேட்டுக்க. இப்பத் தப்பா இருந்தாத்தான் பின்னால சரியா வரும்."

பொறி சற்று யோசித்தது. "நல்ல விதிங்க அம்மணி" என்று கையை மடக்கிக்கொண்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தொலைநோக்கி பறந்தது, குளிர்ந்தது. இடையில் ஊரில் சட்டைகள் தொளதொளவென்று வரத் தொடங்கின. புது மோஸ்தர் போலிருக்கிறது என்று பூங்கோதை சிரித்தாள்.

முதல் படம் திரையில் விழுந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. "என்னா துல்லியம்!" என்றார் மாரப்பன்.

பூங்கோதைக்குத் திரை முழுக்க அரிசி கழுவிய தண்ணீராகத் தெரிந்தது. அன்று காலைதான் பொறி செய்து தந்த புது மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். அப்படியேதான் இருந்தது. கழற்றினால் அதுவும் இல்லை.

"என்ன செஞ்சு தொலைச்ச?" என்று சுவரிலிருந்த பொறியிடம் கத்தினாள்.

"எழுபது வயசுல உங்க கண்ணு எப்படி இருக்குமோ, அதுக்குத்தான் கண்ணாடியைத் தேச்சிருக்கறனுங்க. இன்னும் பதினெட்டு வருசந்தானுங்க அம்மணி."

"பழசு எங்க?"

"அதை உருக்கித்தானுங்க இதைச் செஞ்சேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாரப்பண்ணா, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றாள்.

நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மாரப்பன் சொல்லத் தொடங்கினார்.