அசைவு நீக்கம்

தலையின் இருபுறமும் நுரைத் துண்டுகளைச் செருகி இறுக்கியிருந்தும், ஸ்கேன் நடந்த நேரமெல்லாம் மகேந்திரன் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்ததாகத் திரையில் அசைவைக் காட்டும் கோடு வளைந்து வளைந்து ஓடியது.

"அசையவே இல்ல லா. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்," என்றான் ஸ்கேன் எடுத்த விக்னேஸ்வரன். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

ஈப்போவின் அந்தத் தனியார் மருத்துவமனையில் மூளைப் படங்களைச் சீர்செய்வது தினேஸ்வரியின் வேலை. இன்று வந்திருப்பது சொந்த அண்ணன் மகேந்திரனின் படம்; இன்றே அறுவையும். மூளைக் கட்டியைச் சுற்றி நரம்புகள் போகும் வழியை அவள் வரைந்து கொடுத்தால்தான் டாக்டர் கத்தி வைக்க முடியும். வழி தவறினால் அண்ணனுக்குப் பேச்சே போய்விடும். வெளியே மழை கொட்ட, ஏர்கானின் ஈரத்தூசு வாடைக்குள் உட்கார்ந்து, தலையின் அசைவை நீக்கும்படி மென்பொருளை ஓடவிட்டாள். டிஸ்க்கில் எப்போதும் இடம் இருக்காது. அந்த அறையின் பழக்கப்படி, திருத்தியதை மூலப்படத்தின் மேலேயே எழுதினாள்.

கோடு தட்டையானது. அப்பாடா என்றிருந்தது.

வார்டிலிருந்து அண்ணி பிரமிளா போன் செய்தாள். "தினேஸ், அண்ணன் தலைய திருப்ப மாட்டேங்கிறாரு. கூப்பிட்டா கண்ணு மட்டும்தான் வருது."

"ஊசி மயக்கம் அண்ணி. பயப்படாதீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரையில் அடுத்த கட்டம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கண்களைச் சுற்றியிருந்த நெளிவை அது நிமிர்த்திக்கொண்டிருந்தது.

மறுபடியும் போன். "இப்ப கண்ணும் வரல தினேஸ்!"

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள். அதற்குள் முடிந்திருந்தது. பக்கத்துக் கணினியில் மூலப்படத்தைத் தேடினாள். இல்லை. அவளே அழித்தது. கடவுளே, அந்தக் கோணலையே திருப்பிக் கொடுத்துவிடு.

ஓடினாள்.

வார்டில் அண்ணி அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு ஆடியது. தலை ஆடவில்லை. தலையணை நழுவித் தரையில் விழுந்தது. தலை இறங்கவில்லை. இருந்த உயரத்திலேயே, அந்தரத்தில்.

அறுவைக்கு அழைத்துப்போக வந்தவர் கால்மாட்டில் குனிந்து பிரேக்கைத் தட்டிவிட்டார். "போலாமா அக்கா?"

"வேணாம்! இழுக்காதீங்க!" என்று கத்தினாள் தினேஸ்வரி.

கட்டில் நகர்ந்தது. கால்கள். இடுப்பு. தோள்.

முகம் கூரையைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நின்றது. கழுத்து நீள ஆரம்பித்தது.