திரைக்குப் பின்னால் ஒரு வாத்து

"ராத்திரி பூரா இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவ?"

திருவிடந்தைக்குக் குடிவந்த புதிதில் பூங்கொடி இப்படிக் கேட்டாள்.

"எந்தச் சத்தம்?" என்றாள் பக்கத்துத் தெரு மானசா.

"அலைதான்! உனக்குக் கேக்கலையா?"

மானசா காதைத் தீட்டிக் கேட்டாள். "அட, ஆமா!" என்று சிரித்தாள்.

அன்றுதான் பூங்கொடியின் செருப்பு இரண்டும் அடுத்தடுத்து அறுந்தன. தார் ரோடு கொதித்தது. மானசா தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஆளுக்கு ஒற்றைச் செருப்போடு இருவரும் நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள். பூங்கொடி அதை மறக்கவில்லை.

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஜெயக்குமார் சார் கோலாட்டம் பழக்கினார். ஆட்டத்தில் மானசாவை மிஞ்ச ஆளில்லை. தாமதமாகச் சேர்ந்த பூங்கொடிக்குக் கைமணி அடிக்கும் வேலை. மணி அடித்ததும் வட்டம் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும்.

எல்லாரும் திரும்பினார்கள். மானசா மட்டும் நேரே போய், எதிரே வந்த கார்த்தியின் விரலில் குச்சியைப் போட்டாள்.

"ஐயோ! மணியடிச்சா சாமியே முழிச்சுக்குது, இவ முழிக்க மாட்றாளே!" என்று அவன் கையை உதறினான்.

மறுநாளும் அதே கதை.

"நாளைக்கும் தப்பினா வேற ஆளப் போட்டுடுவேம்மா" என்றார் சார். மானசாவின் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை பூங்கொடியின் வீட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்த மானசா, திடீரெனத் துள்ளி எழுந்தாள்.

"என்னடி சத்தம் அது?"

"எந்தச் சத்தம்?" என்றாள் பூங்கொடி.

கீச்! மூலையில் அவள் தம்பி ரப்பர் வாத்தை அமுக்கிக்கொண்டிருந்தான். நாள் முழுக்க அவன் அமுக்குவதால் அந்தச் சத்தம் அவளுக்கு உறைப்பதே இல்லை.

பூங்கொடிக்குப் பளிச்சென்று புரிந்தது. மானசாவின் அப்பா அச்சுதன், பெருமாள் கோயில் அர்ச்சகர். வீட்டுப் பூஜையிலும் மணி அடிப்பார். மானசா தூங்கும்போதும், தோசை தின்னும்போதும், கணக்குப் போடும்போதும் அது ஒலித்திருக்கிறது. ஆனால் அது பெருமாளுக்கான மணி. அவளை எதுவும் செய்யச் சொன்னதில்லை. இப்போது திடீரென்று 'திரும்பு' என்றால் காது நம்புமா?

மறுநாள் யாரும் வருமுன் சாரிடம் போனாள்.

"சார், அவளுக்கு மணி கேக்குது. ஆனா தன்னத்தான் கூப்பிடுதுன்னு காதுக்குத் தெரியல. அதுக்குப் பதிலா இத அமுக்கட்டா?"

பையிலிருந்து வாத்து எட்டிப் பார்த்தது. சார் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார்.

ஆட்டம் தொடங்கியது. கீச்! முதல் ஆளாகத் திரும்பியது மானசாதான்.

சார் பூங்கொடியை வியப்போடு பார்த்தார். "இத்தனை வருஷமா பாடம் எடுக்கறேன், எனக்குத் தோணலையே! உன் யோசனைன்னு எல்லாருக்கும் சொல்லட்டுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"வேணா சார். அவளுக்குக் கூச்சமாப் பூடும்."

விழா அன்று வீட்டில் தம்பி வாத்தைக் காணோமென்று ஊரைக் கூட்டினான். மேடையில் மானசா பம்பரமாகச் சுழன்றாள். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

திரைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், பூங்கொடி கடைசித் திருப்பத்துக்கு வாத்தை அமுக்கினாள். பிறகு, அன்று தார் ரோட்டில் சுடாமல் தப்பித்த தன் ஒற்றைக் காலைப் பார்த்துப் புன்னகைத்தாள்.