இரண்டு ஷேட் அதிகம்!

பிணத்தின் முகத்துக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை!

காது பால் வெள்ளை. முகமும் கழுத்தும் கோதுமை நிறம்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அழுகை சட்டென்று நின்றுபோனது.

அவள் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். பதினோரு வருஷத் தொழில். கிடப்பவள் அவளுடைய ஒரே தங்கை. அநியாயத்துக்கு வெளுப்பு என்பதால் வீட்டில் பெயரே ‘பால்டப்பா’தான்.

மணி மூன்று. நாலு மணிக்கு வண்டி வரும். எரித்துவிடுவார்கள்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று... இருபத்தாறு வயதுக்காரிக்கு!

"முகத்தத் தொடாதடி," என்றாள் அம்மா, கதவோரம் நின்று. "தூங்குற மாதிரி இருக்கா. அப்படியே போகட்டும்."

"இவளுக்கு யாரும்மா ஃபவுண்டேஷன் போட்டது?"

"ஃபவு... என்னது?"

"முகத்துல பூசற நிறக் க்ரீம். ஒண்ணுமில்ல, மாப்பிள்ளையை வரச் சொல்லு."

அம்மா நகர்ந்ததும் தன் மேக்கப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்தாள். கழுத்தைத் துடைத்தாள்.

ஒரு பக்கம் நாலு விரல். மறுபக்கம் கட்டைவிரல்.

நீலம் பாரித்து...!

பஞ்சில் ஒட்டியிருந்த நிறத்தைப் பார்த்தாள். மூளை வேகமாக ஓடியது.

வெளுத்த தோலுக்கு ஷேட் பார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தாடை ஓரத்தில் மூன்று ஷேடைக் கோடு கோடாக இழுக்க வேண்டும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ, அதுதான் சரியான ஷேட். பால்டப்பாவுக்கு ரோஸ் ஓடும் தோல். மஞ்சள் கலந்த பாட்டிலை அவள் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

விஷயம் தெரியாத ஜனம் செய்கிற தப்பு ஒன்றுதான். கடையில் பாட்டிலைத் திறந்து, தன் மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்கும்!

அப்படியென்றால்... இந்த நிறம் எந்த மணிக்கட்டில் காணாமல் போகிறதோ, அந்தக் கைதான் இதைப் பூசியது!

தங்கையின் புருஷன் வந்தான். சட்டை கசங்கவில்லை. கண்ணும்தான்.

"மாப்பிள்ளை, கையை நீட்டுங்க."

"எதுக்கு அண்ணி?"

அவன் மணிக்கட்டில் பஞ்சை இழுத்தாள். அவன் கறுப்பு. சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று நின்றது கோடு.

இவன் இல்லை!

அவன் பார்வை பிணத்தின் கழுத்துக்குப் போனது.

"அது... பாத்ரூம்ல வழுக்கி விழுந்தப்ப..."

"கழுத்தால நடந்தாளா?"

வேகமாக வெளியேறினான்.

திரும்பி வந்த அம்மா தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

அக்காவின் கண் அந்த மணிக்கட்டில் நிலைத்தது. பிடித்தாள். பஞ்சைத் தேய்த்தாள்.

கோடு... காணாமல் போனது!

டம்ளர் உருண்டது.

"அம்மா... நீயா?"

"கத்தாதடி."

"அவன் கொன்னுட்டான். நீ பூசி மறைச்சியா?"

"நான் வந்தப்பவே மூச்சு இல்லடி. நான் என்ன பண்ணட்டும்? உன் தம்பி மாப்பிள்ளை கம்பெனியிலதான இருக்கான். அவர் உள்ள போனா இவன் நடுத்தெருவுல நிப்பான்."

"இவ உன் வயித்துல பொறந்தவம்மா!"

"அவனுந்தான்."

அக்கா பால்கனிக்கு ஓடினாள். போலீசுக்குப் போன் போட்டாள்.

மூன்று நாற்பதுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கழுத்தைப் பார்த்தார். பஞ்சு, ஷேட், மணிக்கட்டு... எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வண்டியத் திருப்பி அனுப்புய்யா!" என்றார் கான்ஸ்டபிளிடம்.

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நீங்க காலையில எங்க இருந்தீங்க?" என்று புருஷனிடம் திரும்பினார்.

"எட்டு மணியிலேர்ந்து ஆபீஸ் சார். என் மச்சான் கூடவே இருந்தான்."

சுவரோரம் நின்ற தம்பி தலையாட்டினான். நிமிரவில்லை.

"இங்க யாரும்மா வந்தது?"

அம்மா பெரியவளைப் பார்க்காமலே சொன்னாள்.

"பெரியவதான் சார். ஒம்போது மணிக்கு. ரெண்டு பேருக்கும் பயங்கர சண்டை. அவ பெட்டியப் பாருங்க."

"அம்மா!" அக்கா அலறினாள். "இவன விட்டுட்டு வந்துடுடின்னு சண்டை போட்டேன் சார்! அது தப்பா?"

கான்ஸ்டபிள் மேக்கப் பெட்டியைத் திறந்தார்.

மேலாகவே கிடந்தது... அவள் வாங்காத ஒரு பாட்டில்!

பால்கனியில் போன் பேசிய அந்த மூன்று நிமிஷம்...!

"சார், அம்மா கையில தடவிப் பாருங்க! மறையும்!"

இன்ஸ்பெக்டர் தடவினார். மறைந்தது.

"இப்ப உங்க கை."

"என் கை எதுக்கு?"

"நீட்டும்மா."

தடவினார்.

மறைந்தது!

அக்கா தன் மணிக்கட்டையே வெறித்தாள். தங்கைக்கு அப்பாவின் வெளுப்பு. இவளுக்கு, அச்சு அசலாக அம்மாவின் நிறம்.

"மறையுற கைதான் பூசின கைன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சார், அவன் விரல் அளவ எடுங்க! கழுத்துல வெச்சுப் பாருங்க!"

"அதெல்லாம் லேப் சொல்லும். ரிப்போர்ட் வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீங்க உள்ள."

"தம்பி... நீயாவது சொல்லுடா!"

தம்பி தரையின் டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தான்.

புருஷன் கர்ச்சீப்பால் மணிக்கட்டைத் துடைத்தான். நிதானமாக.

அக்காவின் கையில் விலங்கு விழுந்தது. கான்ஸ்டபிள் நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தார். ‘மேற்படி ஃபவுண்டேஷனைத் தேர்வு செய்து பூசியவர்...’

அக்கா குனிந்து படித்தாள். கடைசியாக ஒருமுறை தங்கையின் கோதுமை நிற முகத்தைப் பார்த்தாள்.

"கொலைன்னு வேணா எழுதிக்குங்க சார்... ஆனா இந்தக் கேவலமான ஷேட நான் எடுத்தேன்னு மட்டும் எழுதாதீங்க!"