உப்புப் போடாத கட்டு

சவுரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் பூட்ஸுக்கு இன்னும் பாலிஷ் போடவில்லை.

இடது பூட்ஸை எடுத்தாள். உள்ளே கலகலவென்று சத்தம். கவிழ்த்தாள். பொலபொலவென்று மாத்திரைகள் கொட்டின!

அவளுக்குத் திக்கென்றது. நைனா இருதயராஜுக்குக் காசநோய். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு இருமல் நின்றிருந்தது. கன்னத்தில் சதைகூடப் போட்டிருந்தது. ஆனால், "நான் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் இன்னும் முரடாகத் திரும்பி வரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நைனா! இன்னா இது?"

இருதயராஜ் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் கூட்டினார். "கத்தாதம்மா, அம்மா காதுல விழப்போவுது. அத முழுங்கினா வயித்த பேஜார் பண்ணுது. அதான் இருமலே போய்ட்டுதே! நாளைக்கு தோல் டேனரிக்கு வேலைக்குப் போறேன்."

சவுரி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யும் ஜஹீதா அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது.

நம் உடம்பில் காவல் செல்கள் உண்டு. கிருமியைக் கண்டால் லபக்கென்று விழுங்கிவிடும். விழுங்கிய கிருமி, செல்லுக்குள் ஒரு குட்டிப் பையில் கிடக்கும். அந்தப் பை மெல்ல நகர்ந்து, கரைக்கும் சாறு நிரம்பிய இன்னொரு பையோடு சேரும். கிருமி காலி! ஆனால் காசநோய்க் கிருமி பலே கில்லாடி. தன் பையைச் சாற்றுப் பையோடு சேரவிடாமல் தடுத்துவிடும். விழுங்கிய காவல்காரனின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து, ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

சவுரி இதையெல்லாம் சொன்னதும் நைனா சிரித்துவிட்டார். "பையாம், சாறாம்! போம்மா, வேல இருந்தா பாரு."

சவுரி நகத்தைக் கடித்தாள். இரண்டாம் மணியும் அடித்தது. சட்டென்று நின்றாள்.

"நைனா, போன வருசம் டேனரியில ஒரே நாத்தமா இருந்துதே, ஏன்?"

"அதுவா? அந்த வேலு பண்ண வேல! பச்சைத் தோல் வந்தா முதல்ல உப்புக் கொட்டகைக்குப் போவணும். உப்புப் போட்ட கட்டுக்குத்தான் சிவப்புத் துணி கட்டுவோம். அவன் அவசரத்துல உப்புப் போடாத கட்டுக்கும் துணியக் கட்டிட்டான். எல்லாரும் வேல முடிஞ்ச கட்டுன்னு நெனச்சு நேரா குடோனுக்கு அனுப்பிட்டாங்க. உள்ளயே அழுகி, பக்கத்துக் கட்டுக்கெல்லாம் பரவிட்டுது."

"அழுகினத வெளிய போட்டதும் நாத்தம் நின்னுதா?"

"கம்மியாச்சு. முதலாளிகூட போதும்னாரு. நான் உடுவனா? எந்தக் கட்டுல இன்னா இருக்கோ! ஒண்ணு பாக்கியில்லாம பிரிச்சு..."

அவர் சவுரியைப் பார்த்தார். பிறகு மாத்திரைகளைப் பார்த்தார்.

"அந்தக் கிருமியும் தன் பைக்குச் சிவப்புத் துணி கட்டினு உக்காந்துனு இருக்குது நைனா" என்றாள் சவுரி. "மாத்திரைதான் ஒவ்வொரு கட்டா பிரிச்சுப் பாக்குது. நீ பாதியிலயே அத வீட்டுக்கு அனுப்பிட்ட."

இருதயராஜ் டிரான்சிஸ்டரை அணைத்தார்.

"வயிறு எரியுதே, கண்ணு?"

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லலாம். பூட்ஸ் விஷயத்தையும் சொல்லணும்."

"அதையுமா?"

"அதையும்தான்!"

மறுநாள் டாக்டர் நன்றாகத் திட்டினார். வயிற்றெரிச்சலுக்கும் மருந்து கொடுத்தார். மாத்திரைகளை மறுபடி தொடங்கச் சொன்னார். வேலை இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு, சவுரி இடது பூட்ஸைக் குலுக்கினாள். சத்தமே இல்லை. வலது பூட்ஸையும் எடுத்துக் குலுக்கினாள்.

"என்மேல நம்பிக்கை இல்லியா?" என்றார் நைனா.

"இருக்குது நைனா" என்றபடியே அவள் பூட்ஸின் நுனிவரை விரலை விட்டுத் துழாவினாள். "ஆனா ஒரு கட்டுகூட பாக்கி வெக்கக் கூடாதே!"