மாமா விட்டுப்போன விளக்கு

குண்டூசியின் அப்பாவிடம் ஒரு பழைய டீசல் லாரி இருந்தது. கட்டில், மேஜை, நாற்காலி ஏற்றிப் போகும் லாரி. வயதுக்கு மரியாதை கொடுத்து, வீட்டில் அதைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள்.

குண்டூசி பத்து வயதுப் பெண். ஆளும் ஒல்லி, பார்வையும் கூர்மை என்று மாமா வைத்த பெயர் அது. மாமா அம்மாவின் தம்பி. அந்தத் தெருவின் லாரிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக்.

குளிர்காலத்தில் பெரியவர் லேசில் எழுந்துவிட மாட்டார். எஞ்சினுக்குள் நாலு ஹீட்டர் பிளக்குகள் உண்டு. சாவியைப் பாதி திருப்பினால் அவை சூடாகும். ஓட்டுகிறவர் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகு சாவியை முழுசாகத் திருப்பினால், பெரியவர் இருமிக்கொண்டே கிளம்புவார்.

போன மாதம் மாமா நாலு பிளக்கையும் புதிதாக மாற்றினார். அந்தச் சந்தோஷத்தில் சனிக்கிழமை மாலை அப்பா எஞ்சினுக்கும் சேர்த்துக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சி, பளபளவென்று கழுவினார்.

மறுநாள் காலையில் பெரியவர் கிளம்பவில்லை. வெள்ளைப் புகைதான் வந்தது.

"மாப்ளே! மட்டமான பிளக்கை என் தலையில கட்டிட்டியா?" என்று அப்பா தெருவே கேட்கும்படி கத்தினார்.

"இல்ல மச்சான். பிளக்குக்குக் கரண்ட் வருதான்னு ஒரு தடவை பார்த்துடறேன்."

"நீ பார்த்ததெல்லாம் போதும். கிளம்பு!"

நேற்று நனைந்ததாலோ என்று குண்டூசிக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு போனார். அவசரத்தில், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் தன் சோதனை விளக்கைக்கூட லாரியிலேயே விட்டுவிட்டார். ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான் அது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மாமா மட்டமான பிளக் போடுகிறார் என்று பேச்சுப் பரவியது. மற்ற லாரிக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் மாமா வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார்.

இன்று அவர் புறப்படும் நாள். இன்றும் ஞாயிற்றுக்கிழமை. நேற்று மாலையும் அப்பா லாரியைக் கழுவியிருந்தார். இன்றும் பெரியவர் படுத்துக்கிடந்தார்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல என் தம்பிக்கு பஸ்" என்றாள் அம்மா. "இந்த வண்டிதான் கிளம்ப மாட்டேங்குது. உங்க வாய் மட்டும் எந்தக் குளிர்லயும் டக்குன்னு ஸ்டார்ட் ஆயிடும்."

அப்பா மறுபடி சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

குண்டூசி அப்பாவின் அருகில் போனாள். "அப்பா, மத்த நாள்ல குளிர் அடிச்சாலும் வண்டி கிளம்புது. நீங்க சனிக்கிழமை குளிப்பாட்டினா மட்டும் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க மாட்டேங்குது."

அப்பா அவளையே பார்த்தார். அவள் மாமாவின் விளக்கை நீட்டினாள். "ஒரு ஒயரை பிளக் தலையில வைங்க. இன்னொண்ணை எஞ்சின் இரும்புல வைங்க. நான் சாவியைப் பாதி திருப்பறேன். மாமா அப்படித்தான் பார்ப்பாங்க."

பல்பு எரியவில்லை.

"பிளக்குக்குக் கரண்டே போகலைப்பா. சோறு போடாம, வேலை செய்யலைன்னு திட்டினா எப்படி?"

பிளக்குக்குப் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அது ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தது. அங்கே ஒயரைக் கழற்றினால் உள்ளே ஈரம், பச்சைப் பச்சையாகக் களிம்பு. அப்பா அதை உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, மறுபடி மாட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பெரியவரும் கிளம்பினார்.

அப்பாவின் முகம்தான் அணைந்துபோயிருந்தது. "பாவி நான்" என்றார் மெதுவாக.

பஸ் புறப்படும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"உன் பிளக்ல குறையே இல்ல மாப்ளே. நான்தான் எஞ்சின்ல தண்ணியைப் பீய்ச்சிக் கெடுத்தேன். உன் பேரையும் கெடுத்தேன். இறங்கிடு, வீட்டுக்குப் போகலாம்."

மாமாவின் கண் கலங்கியது. "வரேன்னு அங்க வாக்குக் கொடுத்துட்டேன் மச்சான்."

"எனக்கு அன்னைக்கே தோணுச்சு மாமா. பயந்துட்டு சொல்லல" என்று குண்டூசி அழுதாள். விளக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாமா வாங்கவில்லை. "அது இனிமே உன்னோடது. பெரியவரை நீதான் பார்த்துக்கணும்."

பஸ் போய்விட்டது. அப்பா தெருவுக்குத் திரும்பியதும் ஒவ்வொரு லாரிக்காரரிடமும் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னார். எல்லோரும் "அடடா" என்றார்கள். ஆனால் மாமாவின் பட்டறைக் கதவு பூட்டியேதான் கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒரே திருப்பில் எழுந்தார். குண்டூசி மாமாவுக்குப் போன் போட்டு, அதை எஞ்சின் பக்கத்தில் பிடித்தாள்.

"கேளுங்க மாமா!"

மாமா கொஞ்ச நேரம் கேட்டார். "ஏதோ ஒரு பிளக் சோம்பேறித்தனம் பண்ற மாதிரி இருக்கே. லீவுல வந்து பார்க்கறேன்னு அப்பாகிட்ட சொல்லு."

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. மாமா போதும் என்று சொல்லும்வரை எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்.